இங்கிலாந்துத் தோட்டத்தில் பே மரம்: வாங்குவதிலிருந்து கன்று எடுப்பது வரை

இங்கிலாந்துக்குக் குடிவந்து, பின்புறம் கொஞ்சம் மண்ணோடு ஒரு வீடும் அமைந்துவிட்டால் நம்மில் பலருக்கு முதலில் வரும் ஆசை கறிவேப்பிலை. அதை இந்தக் குளிரில் ஜன்னலோரத்தில் வைத்துக்கொண்டு வருடத்தில் பாதி நாள் கவலைப்பட வேண்டும். சமையலில் வாசனைக்கு இலை போடும் பே லாரல் மரம் அப்படியில்லை. வெளியிலேயே நிற்கும், டிசம்பரிலும் பச்சை இலை பறிக்கலாம், ஒழுங்காக வேர் பிடித்துவிட்டால் நம்மை அதிகம் தொந்தரவு செய்யாது. ஆனால் ரொம்ப மெதுவாக வளரும், அதிலிருந்து புதுக் கன்று எடுப்பது இன்னும் மெதுவு. கிளையை வெட்டித் தண்ணீரில் வைத்தால் இரண்டே வாரத்தில் வேர் என்று காட்டும் வீடியோக்களை நம்பி ஒரு கோடைக்காலத்தையே வீணாக்க வேண்டாம். நான் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை, நீங்கள் அந்தப் பாடு படாமல் இருக்க, வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. இது எந்தச் செடி என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இங்கே தெருவுக்குத் தெரு வேலியாக நிற்கிற செர்ரி லாரல் பார்வைக்கு பே போலவே இருக்கும், பெயரிலும் லாரல் இருக்கும், ஆனால் அதன் இலையில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. விஷச் செடி. பூங்காவிலோ பக்கத்து வேலியிலோ பறித்த இலையைத் தெரியாமல் குழம்பில் போடுவது விளையாட்டு இல்லை.

வேறுபாடு இதுதான்: பே இலை பெரும்பாலும் 6 முதல் 10 செ.மீ. நீளம், ஓரம் லேசாக அலை அலையாக இருக்கும், கசக்கினால் நல்ல மசாலா வாசனை, கொஞ்சம் யூகலிப்டஸ் நெடியும் கலந்து வரும். செர்ரி லாரல் இலை பெரியது, தடிமன், எண்ணெய் தடவியது மாதிரிப் பளபளக்கும், ஓரத்தில் அங்கங்கே சின்னப் பற்கள் இருக்கும், கசக்கினால் பாதாம் வாசனை. பாதாம் வாசனை வந்தால் கையைக் கழுவிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அரளியும் இலைவடிவத்தில் சிலரை ஏமாற்றும், அதுவும் விஷம். சந்தேகமாக இருக்கிறதா, சமைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஊரில் பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலையும் இதுவும் ஒன்றல்ல என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிரிஞ்சி இலை லவங்கப்பட்டைக்கு மிக நெருங்கிய உறவு மரம், இலையின் நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும். பே லாரலில் நடு நரம்பு ஒன்றுதான். ருசியும் வேறு. பட்டை வாசனையை எதிர்பார்த்து இதை நட்டால் ஏமாற்றம்தான். ஆனால் குருமா, ரசம், சூப், கறி வறுவல் எல்லாவற்றுக்கும் இது தன் வழியில் அருமையாக இருக்கும், எங்கள் வீட்டில் இப்போது பிரியாணிக்கும் இதுதான்.

2. எப்போது வாங்குவது, எவ்வளவு கொடுப்பது

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை. அதற்கு முன்னால் வாங்கினால் உறைபனியிலிருந்து காப்பாற்றும் வேலை உங்கள் தலையில் விழும், செப்டம்பருக்குப் பிறகு வாங்கினால் சின்னச் செடிக்குக் குளிருக்கு முன் வேர் பிடிக்க நேரம் போதாது. வடக்கே, ஸ்காட்லாந்துப் பக்கம் இருப்பவர்கள் மே கடைசி வரை பொறுத்திருப்பது நல்லது.

விலை இடத்துக்கு இடம் மாறும், சுமாரான கணக்கு இது. சூப்பர் மார்க்கெட்டிலும் கார்டன் சென்டரின் மூலிகை அடுக்கிலும் 9 செ.மீ. தொட்டிச் செடி 3 முதல் 6 பவுண்ட். 2 லிட்டர் தொட்டியில் புதராக நிற்பது 12 முதல் 20 பவுண்ட். ஒற்றைத் தண்டின் மேல் உருண்டையாகக் கத்தரித்து வைத்த லாலிபாப் மரம் 40 பவுண்டில் தொடங்கி நூறையும் தாண்டும். அந்த விலை, அதை அந்த உருவத்துக்குக் கொண்டுவர நர்சரிக்காரர் செலவழித்த வருடங்களுக்கு. சமையலுக்கு அது தேவையே இல்லை. வாசலில் அழகுக்கு இரண்டு வைக்க ஆசையென்றால் தொட்டியைச் சங்கிலியால் கட்டிவையுங்கள், வாசல் பே மரங்கள் திருட்டுப் போவது இந்த ஊரில் நடக்கிற விஷயம்தான்.

என் யோசனை 9 செ.மீ. தொட்டிதான், அதிலும் குறிப்பாக அடியில் தனித்தனியாகப் பல தண்டுகள் தெரியும் தொட்டி. ஏன் என்பது 7ஆம் படியில் வரும்.

3. லேபிளைப் படியுங்கள், ஊரிலிருந்து கொண்டுவராதீர்கள்

இங்கே விற்கும் செடிகள் பலவற்றில், இணையத்தில் வாங்கினால் கட்டாயமாக, "யுகே பிளான்ட் பாஸ்போர்ட்" என்று அச்சிட்ட சின்ன லேபிள் இருக்கும். பலர் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதில் நான்கு எழுத்துகளுக்கு எதிரே நான்கு விவரம். ஏ என்பது தாவரப் பெயர், அங்கே லாரஸ் நோபிலிஸ் என்று இருக்க வேண்டும். புரூனஸ் என்று தொடங்கினால் அது நான் முதலில் எச்சரித்த செர்ரி லாரல் ஆள். பி என்பது விற்பவரின் பதிவு எண், சி என்பது எந்தத் தொகுப்பில் வந்தது என்பதற்கான குறியீடு, டி என்பது எந்த நாட்டில் வளர்ந்தது என்பது. டி-யில் இத்தாலி மாதிரி வெயில் நாடு இருந்தால், செடி இன்னும் இங்கத்திய குளிரைப் பார்த்திருக்காது என்று வைத்துக்கொண்டு முதல் குளிர்காலத்தில் கூடுதலாகக் கவனியுங்கள். கடையில் நேரில் வாங்கும் ஒற்றைச் செடிக்கு இந்த லேபிள் இல்லாமலும் இருக்கலாம், அது தவறில்லை.

அடுத்தது, ஊருக்குப் போய்விட்டு வரும்போது பிரிஞ்சிக் கன்றோ விதையோ பையில் செருகிக்கொண்டு வரும் யோசனை. நடுவதற்கான கன்று, போத்து (வேர் பிடிக்கவைக்க வெட்டிய கிளைத்துண்டு), விதை எதுவானாலும் இந்தியாவில் மத்திய அரசின் தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவு தரும் தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் பிரிட்டனுக்குள் கொண்டுவரக் கூடாது. கைப்பையில் ஒரே ஒரு கன்று என்றாலும் இதே விதிதான். விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். 2021-க்குப் பிறகு பிரான்ஸ், இத்தாலி மாதிரி ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து விடுமுறை முடிந்து வரும்போதும் இப்படித்தான்.

வாடகை வீடா? தரையில் நடுவதற்கு முன் வீட்டுக்காரரிடமோ ஏஜென்சியிடமோ மின்னஞ்சலில் ஒரு வரி அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் நட்ட மரத்தை வீடு மாறும்போது பிடுங்கிக்கொண்டு போவது தகராறாகும். பயிரிடக் கவுன்சில் குத்தகைக்கு விடும் அலாட்மென்ட் நிலமென்றால் குத்தகைத் தாளை எடுத்துப் பாருங்கள், பல இடங்களில் மரம் நடக் கட்டுப்பாடு உண்டு. இரண்டுக்கும் எளிய தீர்வு தொட்டிதான்.

4. தொட்டி, மண்

செடி இருக்கும் தொட்டியைவிட ஒரே ஒரு அளவு பெரிய தொட்டி போதும். எப்படியும் வளரப்போகிறதே என்று பெரிய தொட்டியில் நேராக வைத்தால் வேர் போகாத மண் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு வேரை அழுகவைக்கும். மண் கலவைக்கு ஜான் இன்னஸ் எண் 3 என்று மூட்டையில் கிடைக்கும், அதில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு பருமணல். இரண்டும் சேர்த்து 15 பவுண்டுக்குள் முடியும், பல தொட்டிக்கு வரும். வெறும் மல்டி-பர்பஸ் கலவை இரண்டு வருடத்தில் அமுங்கிச் சேறாகிவிடும், மூலிகைக்கு ஒத்துவராது. தொட்டிக்கு அடியில் மூன்று சின்னக் கற்களையோ தொட்டிக் கால்களையோ வைத்துத் தூக்கிவிடுங்கள், மழைத் தண்ணீர் வெளியேறட்டும்.

தரையில் நடுபவர்கள் வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டராவது தள்ளி நடுங்கள். கத்தரிக்காமல் விட்டால் 7, 8 மீட்டர் உயரத்துக்குச் சாதாரணமாகப் போகும் மரம் இது. லண்டன் களிமண்ணில் குழி தோண்டி நட்டால் அந்தக் குழி மழைக்காலத்தில் தொட்டியாகிவிடும், அதனால் மண்ணைக் கொஞ்சம் மேடாக்கி அதன்மேல் நடுங்கள். வெயில் வேண்டும், அரை நிழலும் பரவாயில்லை, காற்று நேராக அடிக்கிற மூலை மட்டும் கூடாது.

சூப்பர் மார்க்கெட் செடி கண்ணாடிக் கூடாரத்தில் வளர்ந்தது. வாங்கிய அன்றே வெளியே வைத்தால் இலை கருகும். பத்துப் பதினைந்து நாள் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்குங்கள்.

5. தண்ணீர், உரம்

விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், இல்லையென்றால் வேண்டாம். தினமும் காலையில் துளசிக்கு ஊற்றுவதுபோல் ஊற்றும் பழக்கம் நமக்கு உண்டு, இந்த மரம் சாவதற்குக் காரணமே பெரும்பாலும் அந்த அன்புதான். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சமச்சீரான திரவ உரம், பாட்டில் 5 முதல் 8 பவுண்ட், ஒரு பருவத்துக்கு மேல் வரும். அதன்பிறகு நிறுத்திவிடுங்கள், இலையுதிர் காலத்தில் உரம் போட்டால் இளந்துளிர் கிளம்பி உறைபனியில் கருகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வசந்தத்தில் தொட்டி மாற்றுங்கள்.

பழைய இலைகள் சில மஞ்சளாகி உதிர்வது இயல்பு. மொத்தச் செடியும் மஞ்சளடித்தால்தான் பிரச்சினை: அதிகத் தண்ணீர், சத்துக் குறைவு, குளிர், பெரும்பாலும் இந்த வரிசையில்.

6. குளிர்காலம்

பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி இந்த மரத்தை எச்4 வகுப்பில் வைத்திருக்கிறது, அதாவது சுமார் மைனஸ் 5 முதல் மைனஸ் 10 டிகிரி வரை தாங்கும். தரையில் இருக்கும் வளர்ந்த மரத்துக்கு இது சரி. தொட்டியில் வேர் நாலாபுறமும் குளிரில் மாட்டிக்கொள்வதால் கணக்கு மாறுகிறது. நவம்பரில் தொட்டியை வீட்டுச் சுவரோரம் நகர்த்தி, தொட்டியைச் சுற்றிப் பார்சலில் வந்த குமிழி உறையைக் கட்டிவிடுங்கள், காசு செலவில்லை. மைனஸ் 5 வரும் என்று வானிலை சொன்னால் செடியின் மேல் ஃப்ளீஸ் என்ற மெல்லிய தோட்டத் துணி போர்த்துங்கள். சூடான வரவேற்பறைக்குள் கொண்டுவர வேண்டாம், உள்ளே காற்று வறண்டிருக்கும், செதில் பூச்சி கொண்டாடும்.

குளிருக்குப் பிறகு தண்டின் அடியில் பட்டை வெடித்து உரிந்திருப்பதைப் பார்த்துப் பலர் செடி செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். நகத்தால் தண்டைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மேலே முழுக்கக் காய்ந்திருந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும், கோடை நடுப்பகுதி வரை பொறுத்திருங்கள்.

7. ஒன்றைப் பலவாக்குவது

நான்கைந்து வழிகள் உண்டு, புதியவர்களுக்கு எளிதான வரிசையில் சொல்கிறேன். புத்தகங்களில் பெரும்பாலும் போத்து முதலில் வரும், நான் அதைப் பின்னால் தள்ளியிருக்கிறேன்.

பிரிப்பது: 9 செ.மீ. தொட்டிகள் பலவற்றில் ஒரு செடி போலத் தெரிவது உண்மையில் நெருக்கிவைத்த பல நாற்றுகள். கடையில் தண்டின் அடியைப் பாருங்கள், தனித்தனியாக மண்ணுக்குள் இறங்கினால் அதிர்ஷ்டம், எல்லாம் ஒரே அடித்தண்டிலிருந்து கிளைத்தால் அது ஒற்றைச் செடி. மே மாதத்தில் வேர்க்கட்டியைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து விரலால் மெதுவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித் தொட்டியில் வைத்து, சில வாரம் நிழலில் விடுங்கள். 5 பவுண்டுக்கு மூன்று நாலு செடி, ஏற்கெனவே வேரோடு. இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

வேர்க்கன்று: வளர்ந்த மரம் யார் வீட்டிலாவது இருந்தால் அடியில் கன்றுகள் கிளம்பியிருக்கும். வசந்தத்தில் மண்ணைத் தள்ளிப் பார்த்து, சொந்த வேர் உள்ளதை மட்டும் வெட்டி எடுங்கள். வேர் இல்லாததைப் பிடுங்கினால் அது வெறும் குச்சி.

பதியன்: எனக்கு மிகவும் பிடித்த வழி, ஏனென்றால் தாய்ச்செடி சோறு போட்டுக்கொண்டே இருக்கிறது, நாம் மறந்துவிட்டாலும் பாதகமில்லை. ஏப்ரலில், தரைக்கு அருகில் வளைகிற ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, நுனியிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி அடிப்பக்கத்தில் சாய்வாக ஒரு கீறல் போடுங்கள், நாக்கு போல லேசாகத் திறக்க வேண்டும், கிளை முறியக்கூடாது. கீறலில் வேர்ப்பொடி (வேர் வரத் தூண்டும் பொடி) தொட்டு, ஒரு கை மணல் கலந்த மண்ணில் அந்த இடத்தைப் புதைத்து, வளைத்த கம்பியால் அழுத்திக் குத்திவிட்டு, நுனியை ஒரு குச்சியில் நிமிர்த்திக் கட்டுங்கள். மேலே ஒரு கல். தொட்டிச் செடியென்றால் பக்கத்தில் இன்னொரு தொட்டியை வைத்து அதில் புதைக்கலாம். மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் வர ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சிலது இன்னும் தாமதிக்கும். அடுத்த வசந்தத்தில் மண்ணை லேசாக விலக்கிப் பார்த்து, நல்ல வேர் தெரிந்தால் மட்டும் தாய்ப்பக்கம் வெட்டுங்கள். செலவு வேர்ப்பொடிக்கு 5 பவுண்ட் மட்டும்தான்.

போத்து: ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். இந்த வருடத்துக் கிளையில் அடி கெட்டியாகவும் நுனி இன்னும் வளையக்கூடியதாகவும் இருக்கும் பதம்தான் சரி. முழுக்க இளசு என்றால் அழுகும், முழுக்க முற்றல் என்றால் வேர் வர இன்னும் இழுக்கும். 10, 12 செ.மீ. துண்டு, முடிந்தால் பக்கக் கிளையைக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்து அடியில் தாய்ப்பட்டை கொஞ்சம் ஒட்டிவரும்படி. கீழ் இலைகளை நீக்கி மேலே இரண்டு மூன்று மட்டும் விட்டு, பெரிய இலைகளைக் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். மண் கலவையும் பெர்லைட் என்ற வெள்ளை நிற இலகுவான துகள்களும் சரிபாதி, தொட்டியின் ஓரத்தை ஒட்டிச் செருகி, பாலிதீன் பையால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். அடியிலிருந்து 20 டிகிரி அளவில் சூடு கிடைத்தால் வாய்ப்பு கூடும். அதற்கான சூடேற்றும் தட்டு 25 முதல் 40 பவுண்ட். இரண்டு செடிக்காக அதை வாங்காதீர்கள், அந்தக் காசுக்குச் செடியே வாங்கிவிடலாம்.

இதில் எல்லோரும் மாட்டும் இடம் ஒன்று உண்டு. போத்தில் இலை மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், அது வேர் வந்ததற்கு அடையாளம் இல்லை, இலை தடிமன் என்பதால் அப்படி நிற்கிறது. இழுத்துப் பார்த்தால் அப்போதுதான் கிளம்பிய நுனி வேர் அறுந்துவிடும். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும், புதுத் துளிர் வரும் வரை கையை வைக்காதீர்கள். வைத்ததில் பாதி தேறினாலே பெரிய விஷயம், ஆகவே தேவைக்கு இருமடங்கு வையுங்கள்.

விதை: ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தில் இலையுதிர் காலத்தில் கறுப்புப் பழம் வரும், உள்ளே ஒரு விதை. சதையை நீக்கி, ஒரு நாள் ஊறவைத்து, காயவிடாமல் உடனே போட வேண்டும். முளைக்க ஆறு மாதம் வரை ஆகலாம். காய்ந்த விதையை உறையில் போட்டு இணையத்தில் விற்கிறார்கள், அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

8. பூச்சி

இலையின் ஓரம் தடித்து, மஞ்சளாகி, உள்ளே சுருண்டால் அது பே சக்கர் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. இலைக்கடியில் நரம்பை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் தட்டையாக ஒட்டியிருந்தால் செதில் பூச்சி. அது வடிக்கும் பிசுபிசுப்பின் மேல் கரும்பூசணம் படரும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இலை இலையாகத் துடைப்பதுதான் வழி, சின்னச் செடிக்கு அது பத்து நிமிட வேலை. சாப்பிடும் இலை என்பதால், பாட்டிலில் உணவுச் செடிக்கு ஏற்றது என்று எழுதாத எந்த மருந்தையும் அடிக்காதீர்கள்.

9. இலை பறிப்பது

சின்னச் செடியில் முதல் இரண்டு வருடம் கைவைக்காமல் இருப்பது நல்லது, ஆசைக்கு ஒன்றிரண்டு பறிக்கலாம். அதன்பிறகு கோடையில் கவாத்து செய்யும்போது வெட்டிய கிளைகளே ஒரு வருடத்துக்குப் போதும். கொத்தாகக் கட்டி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் இரண்டு வாரம் தொங்கவிட்டு, கண்ணாடி ஜாடியில் போடுங்கள். பச்சை இலை கொஞ்சம் கசக்கும், காய்ந்தது மென்மை. பரிமாறும் முன் குழம்பிலிருந்து இலையை எடுத்துவிடுங்கள், வெந்தாலும் ஓரம் கத்திபோலத்தான் இருக்கும், குழந்தைகளின் தொண்டையில் குத்தும்.

10. கன்றுகள் மிஞ்சினால்

நண்பர்களுக்குக் கொடுக்கலாம், கோயில் விழாவில் மேசை போட்டு நேரில் விற்கலாம், அதற்குப் பிளான்ட் பாஸ்போர்ட் தேவையில்லை. இணையத்தில் விளம்பரம் போட்டுத் தபாலில் அனுப்புவது மட்டும் வேறு கதை. பொழுதுபோக்காகச் செய்தாலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏபிஎச்ஏ என்ற அரசு அமைப்பில் பதிவுசெய்து பாஸ்போர்ட் கொடுக்க அனுமதி பெற வேண்டும். பரிசோதனைக்குக் கட்டணமும் உண்டு. இரண்டு மூன்று கன்றுக்கு அது கட்டுபடியாகாது, பக்கத்து வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள், கொடுக்கும்போது லாரஸ் நோபிலிஸ் என்று ஒரு குச்சியில் எழுதித் தொட்டியில் செருகிவிடுங்கள்.